கடல் கடந்த பாவைப்பாட்டு

தில்லியின் மார்கழிக் காலை மூடுபனியோடு விடியும். கிட்வாய் நகரின் அடுக்குமாடிக் கட்டடங்களின் மேல்தளங்கள் அப்பொழுது கண்ணுக்குப் புலப்படா. வாயிற்காவலர் குளிர்காயும் தீயின் புகை பனியோடு கலந்து நிற்கும். உயரம் குறைந்த பழைய அரசு ஊழியர் குடியிருப்புகள் இருந்த இடத்தில் இன்று வானளாவிய மாடங்கள் எழுந்துள்ளன. குடியிருப்பின் தோற்றம் மாறினாலும், அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் மார்கழி விடியலில் பாவைப்பாட்டு ஒலிக்கும் வழக்கம் மாறவில்லை.

அவ்வாறு பாடுபவர்களுள் ஏழாம் வகுப்பில் பயிலும் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். மாணிக்கவாசகர் அருளிய திருவெம்பாவையின் இருபது பாடல்களையும் அவள் பிழையற்ற இராகத்தோடு பாடுவாள். இராமகிருஷ்ணபுரத்து மலை மந்திரில் அவள் பாடியதைக் கேட்டுப் பெரியவர்கள் பாராட்டியதும் உண்டு. ஆனால் அவள் கையில் இருந்த குறிப்பேட்டில் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. அவள் சிறு குழந்தையாக இருந்தபொழுது, இந்தி மட்டுமே படிக்கத் தெரிந்த அவளுக்காக, அவளுடைய தந்தை அப்பாடல்களை இந்தி எழுத்துகளில் எழுதித் தந்திருந்தார். பின்னர்ப் பள்ளியில் தமிழை விருப்பப் பாடமாக எடுத்து எழுத்துகளைக் கற்றபோதும், அவள் பழைய குறிப்பேட்டை விடவில்லை.

அவ்வாண்டு சீர்காழியிலிருந்து பாட்டி வந்திருந்தார். ஒருநாள் காலையில் பேத்தி பாடி முடித்தவுடன், "நன்றாகப் பாடுகிறாய், கண்ணே! ஆனால் மார்கழியை ஏன் ‘மார்கலி’ என்கிறாய்?" என்று கேட்டார்.

"குறிப்பேட்டில் அப்படித்தான் இருக்கிறது, பாட்டி."

"அது போகட்டும். இப்பொழுது பாடினாயே, அந்தப் பாட்டில் தோழியர் யாரை எழுப்புகிறார்கள்?"

சிறுமி விடை கூறவில்லை. பாட்டில் யாரையோ எழுப்புகிறார்கள் என்பதையே அவள் அப்பொழுதுதான் அறிந்தாள்.

அந்தக் குளிர்கால விடுமுறையில் குடும்பத்தினர் தாய்லாந்து நாட்டின் தலைநகரமான பாங்காக்கிற்குச் சென்றனர். தில்லியிலிருந்து விமானத்தில் ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். கிட்வாய் நகரிலிருந்து சென்னைக்குத் தொடர்வண்டியில் செல்ல ஒரு பகலும் ஓர் இரவும் கழியும் என்பதை எண்ணிப் பார்த்தால், இதனை நெடும்பயணம் என்று சொல்ல இயலாது. ஆயினும் அவர்கள் காணச் சென்ற விழாவின் பயணம் மிக நெடியது.

பாங்காக்கின் பழைய நகரில், வாட் சுதாட் என்னும் புத்தர் கோயிலின் முன், சாலையின் நடுவே செந்நிறம் பூசிய இரண்டு தூண்கள் நிற்கின்றன. அவற்றின் உச்சியைச் சிற்ப வேலைப்பாடு மிக்க குறுக்குச் சட்டம் ஒன்று இணைக்கிறது. உயரம் 21 மீட்டருக்கு மேற்பட்டது. ஏழு மாடி வீட்டின் அளவு எனலாம். கதவு இல்லாத பெருவாயில் போலத் தோன்றும் அதனை ‘சாவோ சிங் சா’ என்று அந்நாட்டவர் அழைக்கின்றனர். ஊசல் தூண் என்பது அதன் பொருள்.

பாங்காக் தலைநகரமான இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1784இல், முதலாம் இராமர் என்று வழங்கப்பெறும் மன்னர் காலத்தில் இவ்வூசல் முதன்முதலாக நிறுவப்பட்டது. சிவன், பிள்ளையார், நாராயணன் ஆகியோருக்குத் தனித்தனிக் கோயில்கள் அமைந்த தேவஸ்தானமும் அதே காலத்தது. ஊசல் 1920இல் இன்றுள்ள இடத்திற்கு மாற்றப்பட்டது. மரம் நாட்பட்டு நலிந்தமையால், ஆறு பெரிய தேக்கு மரங்களைக் கொண்டு மீண்டும் அமைக்கப்பட்டு, 2007இல் திறந்துவைக்கப்பட்டது.

"இதில் கயிறும் பலகையும் எங்கே?" என்று சிறுமி கேட்டாள். அவள் கேட்டது முறையான கேள்வியே. அவ்வூசலில் 1935ஆம் ஆண்டு முதல் எவரும் ஆடுவதில்லை.

அதற்கு முன் நடந்த விழாவோ நகரமே திரண்டு காணும் காட்சியாக விளங்கியது. வளர்பிறையின் ஏழாம் நாளிலும் ஒன்பதாம் நாளிலும் ஊசலாட்டம் நடைபெறும். நாகத்தின் படம் போன்ற தலையணி புனைந்த நால்வர் பலகையில் ஏறுவர். பலகை மேலும் கீழும் வீசியாடி, வானை நோக்கி எழும். சற்றுத் தொலைவில் நட்ட மூங்கிற்கழியின் உச்சியில் காசுப்பை ஒன்று தொங்கும். ஊசல் உச்சியை எட்டும் கணத்தில், முன்னே இருப்பவர் அப்பையைப் பல்லால் கவ்விப் பற்றவேண்டும். கையால் எடுத்தல் ஆகாது. மூன்று குழுவினர் அடுத்தடுத்து ஆடுவர். மூன்று பைகளிலும் முறையே 12, 10, 8 பாட் காசுகள் இருக்கும். அதன்பின் ஆடியவர்கள் எருமைக்கொம்பில் நீரை மொண்டு, வட்டமாக ஆடிக்கொண்டே ஒருவர் மேல் ஒருவர் தெளிப்பர்.

இவ்விழாவிற்கு ஒரு தலைவரும் உண்டு. அரசரால் அமர்த்தப்பெற்ற உயர்குடியாளர் ஒருவர் சிவபெருமானின் இடத்தில் இருந்து ஊசலாட்டத்தைக் காண்பார். அவர் ஒரு காலைத் தரையில் ஊன்றி, மற்றொரு காலை மடித்து முழங்கால் மேல் வைத்திருக்கவேண்டும் என்பது விதி. ஆட்டம் முடியுமுன் காலைக் கீழே வைத்தால் அவர் தம் பொருளை இழப்பார் என்றும் மரபு கூறியது. மார்கழித் திருவாதிரையில் தில்லைக் கூத்தன் ஒரு காலைத் தூக்கி நிற்கும் கோலத்தைக் கண்டவர்களுக்கு, அந்த ஒற்றைக்கால் தலைவரைப் பற்றிக் கேட்டவுடன் வேறொன்று நினைவிற்கு வருதல் இயல்பு. இரண்டிற்கும் தொடர்பு உண்டு என்று துணிந்து சொல்வதற்கில்லை. ஆயினும் ஒப்பிட்டுப் பார்க்கத் தக்கது.

ஊசல் ஏன் ஆடவேண்டும் என்பதற்கு அந்நாட்டில் ஒரு கதை வழங்குகிறது. உலகம் படைக்கப்பட்டபின் அது உறுதியாக நிற்கிறதா என்று அறியச் சிவபெருமான் விரும்பினார். நாகங்கள் மலைக்கு மலை தாவி ஆடின. மலைகள் அசையவில்லை, உலகம் உறுதியானது என்று தெரிந்தது. நாகங்கள் மகிழ்ந்து கடலில் இறங்கி நீராடின. தூண்கள் இரண்டும் மலைகள், ஆடுபவர் நாகங்கள், கொம்பிலிருந்து தெளிக்கும் நீர் கடல். ஊசலில் விபத்துகள் நேர்ந்ததும் பிற்காலத்தில் அவ்வாட்டம் கைவிடப்பட்டதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

ஊசலாட்டம் நின்றபோதிலும் விழா நிற்கவில்லை. அது தேவஸ்தானத்தின் உள்ளே இன்றும் நடைபெற்று வருகிறது. அவ்விழாவின் பெயரே தமிழர் கூர்ந்து கேட்கவேண்டிய ஒன்று. சிவபெருமானுக்கு உரிய பத்து நாட்களின் பெயர் ‘திரியம்பவாய்’. அதனைத் தொடர்ந்து நாராயணனுக்கு உரிய ஐந்து நாட்களின் பெயர் ‘திரிபவாய்’.

திருவெம்பாவை, திருப்பாவை ஆகிய பெயர்களை இவற்றின் அருகில் வைத்து ஒருமுறை வாய்விட்டுச் சொன்னாலே போதும். ஒற்றுமை பெயரளவில் நிற்கவில்லை. தமிழ்நாட்டுச் சிவன் கோயில்களில் திருவெம்பாவை விழா திருவாதிரையோடு நிறைவுறும் பத்து நாட்களுக்கு நடைபெறும். திரியம்பவாயும் வளர்பிறை ஏழாம் நாள் தொடங்கி, முழுநிலவைக் கடந்து, தேய்பிறை முதல் நாள் வரை பத்து நாட்கள் நடைபெறுகிறது. திருவெம்பாவை சிவனைப் பாடுவது; ஆண்டாளின் திருப்பாவை திருமாலைப் பாடுவது. அங்கும் முன்னது சிவனுக்கும் பின்னது நாராயணனுக்கும் உரியது. திருவாசகத்திலேயே திருப்பொன்னூசல் என்னும் ஊசற்பாட்டுப் பகுதி ஒன்று இருத்தலும் நினைக்கத் தக்கது. மேலும், ‘பாவாய்’ என்பது பாவையை அழைக்கும் விளிச்சொல். பாடல்தோறும் இறுதியில் வரும் அவ்விளியின் ஓசையே சயாம் நாட்டில் விழாவின் பெயரில் தங்கிவிட்டது எனலாம்.

தமிழ்ப்பாட்டு அங்கு எவ்வாறு சென்றது?

வங்கக் கடலைக் கடந்து தமிழர் அந்நாட்டிற்குச் சென்றது மிகப் பழங்காலத்திலேயே தொடங்கியது. தாய்லாந்தின் தென்பகுதியில் உள்ள குவான் லுக் பாட் என்னும் இடத்தில் பொற்கொல்லர் ஒருவரின் உரைகல் கிடைத்துள்ளது. பொன்னை உரசி மாற்றுக் காணும் சிறு கல் அது. ‘பெரும்பதன் கல்’ என்று அதில் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. கி.பி. 3ஆம் அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது அறிஞர் கருத்து. தன் பொருள் பிறர் பொருளோடு கலந்துவிடாதிருக்கப் பெயர் எழுதி வைத்த தொழிலாளி ஒருவரை அக்கல் காட்டுகிறது. பள்ளிக்குக் கொண்டுசெல்லும் உணவுப் பெட்டியில் பெயர் எழுதி வைப்பதும் அதே எண்ணத்தினால்தான்.

தென்தாய்லாந்தின் மேற்குக் கரையில் தக்குவாபா என்னும் ஊர் உள்ளது. அதன் அருகே கிடைத்த தமிழ்க் கல்வெட்டு ஒன்பதாம் நூற்றாண்டினது. ‘அவனிநாரணம்’ என்னும் பெயருடைய குளம் வெட்டப்பட்டதையும், அது மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவினர் முதலியோரின் காவலில் விடப்பட்டதையும் அது தெரிவிக்கிறது. அவனிநாரணன் என்பது பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் சிறப்புப் பெயர். குளத்தை அமைத்தவர் நாங்கூரைச் சேர்ந்தவர் என்று ஆய்வாளர் படித்துள்ளனர்.

தந்தை இச்செய்தியை விளக்கியபோது பாட்டி வியப்போடு நிமிர்ந்தார். "நாங்கூரா! சீர்காழியிலிருந்து பேருந்தில் போய் வரும் தொலைவுதானே! நான் எத்தனை முறை கருடசேவைக்குப் போயிருக்கிறேன்!" என்றார். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் தன் பாட்டியின் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இந்நாட்டில் குளம் வெட்டினார் என்ற செய்தி, சிறுமிக்கு அன்று கண்ட மாளிகைகள் அனைத்தையும்விடப் பெரிதாகத் தோன்றியது.

வணிகர் சென்ற வழியிலேயே அந்தணரும் சென்றனர். தாய்லாந்து அரசவை அந்தணர், தம் முன்னோர் இராமேசுவரத்திலிருந்து வந்தவர் என்று வழிவழியாகக் கூறிவருகின்றனர். தென்பகுதி நகரமாகிய நக்கோன் சி தம்மராட் அவர்களுடைய பழைய இருப்பிடங்களுள் ஒன்று. அங்கும் சிறிய ஊசல் ஒன்று உள்ளது. இன்று பாங்காக்கின் சீலோம் சாலையில் உள்ள மாரியம்மன் கோயிலைக் கட்டிய தமிழர் வேறு. அவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிழைப்பு நாடிச் சென்றவர்கள். அரசவை அந்தணர் அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டவர். தலைமுறை தலைமுறையாக அந்நாட்டு மக்களோடு கலந்து, பேச்சிலும் தோற்றத்திலும் அந்நாட்டவராகவே ஆனவர்கள்.

குடும்பத்தினர் பாங்காக் சென்றிருந்த நாட்களுள் திரியம்பவாய் விழாவும் அமைந்தது. ஒருநாள் மாலை அவர்கள் தேவஸ்தானத்திற்குச் சென்றனர். வெண்ணிற ஆடை உடுத்து, தலைமயிரைக் கொண்டையாக முடிந்த அந்தணர்கள் உள்ளே அமர்ந்திருந்தனர். சங்கு முழங்கியது. நெற்பொரி, வாழைப்பழம், கரும்பு, தேங்காய் முதலியவை தட்டுகளில் நிறைந்திருந்தன. கயிலாயத்தின் வாயிலைத் திறத்தல் என்பது அவ்விழாவின் முதன்மையான சடங்கு. ஆண்டிற்கு ஒருமுறை இறைவன் அவ்வாயில் வழியாக மண்ணுலகிற்கு வருகிறான் என்பது நம்பிக்கை. விழாவின் முடிவில் தெய்வத் திருமேனிகளை அன்னத்தின் வடிவில் அமைந்த சிறிய ஊசலில் இட்டு ஆட்டி வழியனுப்புவர்.

ஓதும் ஒலி எழுந்தது. மெல்லத் தொடங்கி, நீண்டு, ஒரே அளவில் ஏறி இறங்கியது. சிறுமி மூச்சை அடக்கிக் கேட்டாள். தான் நாள்தோறும் பாடும் பாட்டின் சொல் ஒன்றாவது காதில் விழாதா என்று காத்திருந்தாள். எதுவும் பிடிபடவில்லை. பாட்டி கண்ணை மூடியபடி நெடுநேரம் கேட்டார்.

வெளியே வந்தபின், "பாட்டி, உங்களுக்குப் புரிந்ததா?" என்று அவள் கேட்டாள்.

"இல்லை, கண்ணே. இது நம் பாட்டு என்று எவரும் சொல்லாவிட்டால் நானும் அறிந்திருக்கமாட்டேன்."

"ஓதுகிறவர்களுக்குப் புரியுமா, அப்பா?"

"அவர்களுக்கும் புரியாது என்றுதான் எழுதியிருக்கிறார்கள்" என்றார் தந்தை.

அவர் கூறியது உண்மை. இவ்விழாவை நேரில் ஆராய்ந்து, சயாமிய அரசுச் சடங்குகள் பற்றி 1931இல் நூல் வெளியிட்ட குவாரிச் வேல்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் இதனைப் பற்றி விரிவாக எழுதினார். தமிழ்ப் பாவைப்பாட்டோடு இதற்குள்ள உறவைத் தனிநாயக அடிகள் எடுத்துக்காட்டினார். மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சிங்காரவேலு இருநாட்டு விழாக்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். இலண்டனில் தமிழ் பயிற்றிய ஜே. ஆர். மார், பாங்காக்கில் உள்ள கிரந்த எழுத்து ஏடுகளை ஆராய்ந்து, அவற்றில் தேவாரப் பாடல்களும் இருத்தலைக் கண்டார். ஓதுவோர் மந்திரம் என்று கருதிவந்த ஒலிகளுக்குள் தமிழ்ச் சொற்கள் உருமாறிக் கிடந்தன.

சொற்கள் ஏன் உருமாறின? காலம் ஒரு காரணம். எழுத்து மற்றொரு காரணம். கிரந்தம் என்பது தமிழகத்தில் வடமொழியை எழுதுவதற்கென அமைந்த எழுத்து. வடமொழிக்கு ழகரமும் றகரமும் தேவையில்லை; எகர ஒகரக் குறில்களும் தேவையில்லை. ஆதலால் அவ்வெழுத்தில் அவற்றிற்கு உரிய இடமும் இல்லை. இடமில்லாத ஒலி வேறோர் ஒலியின் இருக்கையில் சென்று அமரவேண்டும். ஏட்டைப் பார்த்து ஓதிய தந்தைக்குத் தமிழ் தெரிந்திருந்தவரை, எழுத்தில் இல்லாததை அவருடைய நாக்கு நிறைவு செய்தது. தமிழ் அறியாத மகன் எழுத்தில் உள்ளதையே ஓதினான். அவனுடைய மகன் அதனைக் கேட்டு ஓதினான். அந்நாட்டுப் பேச்சில் ரகரமும் லகரமும் ஒன்றோடொன்று மயங்குவதும் உண்டு. இவ்வாறு பாட்டு ஓசையாயிற்று.

அதற்காக அவர்களைக் குறைகூறுதல் தகாது. தமிழ்நாட்டிலிருந்து எவரும் வந்து திருத்தாத நிலையில், அரசுகள் மாறியபோதும் தலைநகரங்கள் இடம் பெயர்ந்தபோதும், பொருள் அறியாத பாடல்களை ஓர் எழுத்தும் கைவிடலாகாது என்று காத்தவர்கள் அவர்கள். அவ்வுறுதி இல்லாதிருந்தால் பெயர்கூட மிஞ்சியிராது.

அன்றிரவு விடுதியில் சிறுமி தன் குறிப்பேட்டை எடுத்தாள். அவளும் எழுத்தைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்தாள். வழக்கமான இந்தி எழுத்திலும் ழகரம் இல்லை, றகரம் இல்லை, எகர ஒகரக் குறில்களும் இல்லை. அவள் ஒரு தாளில் எழுதிப் பார்த்தாள். ‘அறம்’ என்று எழுதினாலும் ‘அரம்’ என்று எழுதினாலும் இந்தியில் ஒரே வடிவமே வந்தது. அறம் நற்செயல், அரம் இரும்பை அராவும் கருவி. ‘எழு’ என்பதும் ‘ஏழு’ என்பதும் ஒன்றாயின. ‘மழை’ ‘மலை’ ஆயிற்று. தோழியை எழுப்பும் பாட்டில், ‘எழு’ என்னும் சொல்லே ‘ஏலு’ என்று நின்றுகொண்டிருந்தது.

தில்லிக்குத் திரும்பிய மறுநாளும் கிட்வாய் நகரில் பனி விலகவில்லை. விடியலில் அவள் பாட்டியின் அருகில் புதிய குறிப்பேடு ஒன்றைக் கொண்டுவந்து அமர்ந்தாள். பாட்டி ஒவ்வோர் அடியாகச் சொல்ல, அவள் தமிழில் எழுதினாள். ‘மார்கழி’ என்னும் சொல்லைத் தலைப்பின் கீழே எழுதி, ழகரத்தின் காலைச் சற்று நீளமாகவே இழுத்தாள். முதற் பாட்டை எழுதி முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. பிறகு பொருள் கேட்கத் தொடங்கினாள். பாட்டி ஒவ்வொரு சொல்லாக விளக்கி வந்தார். ஒரு சொல்லின் அருகில் வந்தபொழுது நிறுத்தினார்.

"இதற்கு என்ன பொருள், பாட்டி?"

பாட்டி சற்று நேரம் பேசாதிருந்தார். பின், "என் அம்மா பாடினார், நானும் பாடுகிறேன். அறுபது ஆண்டுகளாக இதைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை" என்றார்.

சிறுமி அச்சொல்லின் அடியில் ஒரு கோடு இட்டாள். அலமாரியின் மேல்தட்டில் இருந்த தமிழகராதியை எடுப்பதற்காக நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டாள்.

பயிற்சி

1. சயாம் நாட்டு ஊசல் விழாவில் காசுப்பையை எவ்வாறு பற்றவேண்டும்? ஆட்டத்தின் பின் என்ன நடைபெறும்?

2. திரியம்பவாய் விழாவிற்கும் தமிழ்நாட்டு மார்கழி விழாவிற்கும் உள்ள ஒற்றுமைகளுள் இரண்டனை எழுதுக.

3. ‘அறம் – அரம்’, ‘எழு – ஏழு’, ‘மழை – மலை’: இச்சொற்களைத் தனித்தனி வாக்கியங்களில் அமைத்து எழுதுக; பின் உரக்கப் படித்துக் காட்டுக.

4. உங்கள் வீட்டில் பாடப்பெறும் பாட்டு, தாலாட்டு அல்லது வழங்கப்பெறும் பழமொழி ஒன்றைப் பெரியவரிடம் கேட்டுத் தமிழில் எழுதுக. பொருள் விளங்காத சொல்லின் அடியில் கோடு இடுக.